மருத்துவமனை தேடும் மென்பொருளாளர்

(பொறியியல் மாணவர்களுக்கும் இளம் ஐ.டி. பணியாளர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என்னை அழைத்தபோது ஏற்பாட்டாளர்கள் மனம் திறந்தே பேசினார்கள். "ஐ.டி. கம்பெனிகள் முன்போல ஆள் எடுப்பதில்லை. பிள்ளைகள் கலங்கிப் போயிருக்கிறார்கள். மருத்துவத் துறையில் இடம் இருக்கிறதா என்று சொல்லுங்கள்" என்றார்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் ஜாவாவும் பைத்தானும் மட்டும் தெரிந்தால் அந்த இடம் கிடைத்துவிடாது. அவை தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒரு நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்து வீடு திரும்பும் வரை அவரைப் பற்றிய தகவல் எங்கெங்கே போகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று அறிந்த மென்பொருளாளர்தான் கிடைப்பதில்லை. நான் இன்று பேசப்போவது முழுக்க அந்த ஆளைப் பற்றித்தான்.

சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மா நெஞ்சு வலி என்று வருகிறார், வைத்துக்கொள்ளுங்கள். ஓ.பி. கவுண்டரில் பெயரைப் பதிகிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எழுதுகிறார். லேபில் ரத்தக் குப்பிக்கு பார்கோடு ஒட்டுகிறார்கள். கருவி தரும் முடிவு லேப் மென்பொருளுக்குப் போகிறது. எக்ஸ்ரே படம் வேறொரு சர்வரில் சேர்கிறது. அட்மிஷன் ஆனதும் வார்டில் கேஸ் ஷீட் திறக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை என்றால், காப்பீட்டு மேசையில் இருப்பவர் அதே விவரங்களை இன்னொரு இணையதளத்தில் மறுபடி தட்டச்சு செய்து முன் அனுமதி கேட்கிறார். மருந்தகத்தின் கணினி தனி, பில்லிங் தனி. வீட்டுக்கு அனுப்பும் நாளில் பயிற்சி மருத்துவர் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றைத் திறந்து, பெயரையும் எண்களையும் மாற்றிப் புதியது தயாரிக்கிறார். முந்தைய நோயாளியின் வரி ஒன்று அதில் அழியாமல் தங்கிவிட்டால் அடுத்து பார்க்கும் டாக்டர் அதை நம்பித்தான் மருந்து எழுதுவார்.

இத்தனை கணினிகளையும் ஒன்றோடொன்று பேசவைப்பதுதான் இந்தத் துறையின் முதல் பெரிய வேலை. இன்டர்ஃபேஸ் பொறியாளர், இன்டகிரேஷன் பொறியாளர் என்று விளம்பரங்களில் பார்ப்பீர்கள். ஸ்கேன், எக்ஸ்ரே படங்களுக்கு டைகாம் என்ற தரம் இருக்கிறது. 1987-ல் அமெரிக்காவில் தொடங்கிய எச்.எல். செவன் அமைப்பு, மருத்துவமனைக் கணினிகளுக்கிடையே போகும் செய்திகளுக்கு வடிவம் கொடுத்தது. அதன் இரண்டாம் பதிப்பு வடிவத்தில், நெடுங்கோடுகளால் பிரித்த வரிகளாக, இன்றும் உலகெங்கும் லேப் முடிவுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பின்னர் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் கிரீவ் முன்னின்று உருவாக்கிய 'ஃபயர்' என்ற தரம் வந்தது. ஜேசான், ரெஸ்ட் பழகிய எந்த வெப் டெவலப்பரும் அதன் அடிப்படையைச் சில நாட்களில் பிடித்துக்கொள்ளலாம். ஆவணம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த அறையில் இருக்கும் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்?

வடிவம் மட்டும் தெரிந்தால் போதாது. ஒரு லேப் 'எஃப்.பி.எஸ்.' என்று எழுதும். இன்னொன்று 'ஃபாஸ்டிங் குளுக்கோஸ்' என்று எழுதும். இரண்டும் ஒரே பரிசோதனை என்று கணினிக்கு யார் சொல்வது? அதற்காகத்தான் பரிசோதனைகளுக்கு லாயின்க் குறியீடு, நோய்க்குறிகளுக்கும் சிகிச்சைகளுக்கும் ஸ்னோமெட், நோய்களின் வகைப்பாட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்று தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. அலகையும் பாருங்கள். சாப்பிடுமுன் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்று நம் ஊரில் எழுதுவதை, இங்கிலாந்தில் லிட்டருக்கு 7 மில்லிமோல் என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே அளவு. சர்க்கரை நோய் என்று சொல்லும் எல்லைக்கோடு அது. அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்பும் நிரல், '7' என்ற எண்ணை மில்லிகிராம் திரையில் காட்டினால் டாக்டர் அதிர்ந்துபோவார், அல்லது அந்தத் திரையை அதன்பிறகு நம்பவே மாட்டார். இந்த விவரம் தெரிந்த நிரலாளருக்கும் தெரியாதவருக்கும் நேர்காணலில் முதல் ஐந்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

இந்தியாவில் இந்த வேலை பெருகுவதற்குத் தெளிவான காரணம் ஒன்று உண்டு. 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. அதில் சேரும் ஒவ்வொருவருக்கும் 'ஆபா' என்ற 14 இலக்க எண். மருத்துவப் பதிவுகளை ஒரே இடத்தில் குவித்துவைக்கும் ஏற்பாடு இல்லை இது. பதிவு எந்த மருத்துவமனையில் உருவானதோ அங்கேயே இருக்கும். நோயாளி தன் போனில் சம்மதம் கொடுத்தால் அடுத்த மருத்துவமனை அதைப் பெற்றுக்கொள்ளலாம். இதில் சேர விரும்பும் மென்பொருள் நிறுவனம் மூன்று கட்டங்களைத் தாண்டவேண்டும். ஆபா எண்ணை உருவாக்கிச் சரிபார்ப்பது முதல் கட்டம். தன்னிடமுள்ள பதிவுகளை ஃபயர் வடிவில் தருவது இரண்டாவது. பிறரிடமிருந்து சம்மதத்தோடு பெறுவது மூன்றாவது. மதுரையிலும் கோவையிலும் ஈரோட்டிலும் நூறு படுக்கை மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டங்களைத் தாண்டத் தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவை. பயிற்சிக்கான சோதனைத் தளத்தையும் அரசே வைத்திருக்கிறது. பெரிய கம்பெனியின் அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள் இந்தச் சிறு நிறுவனங்களின் வாசலையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி வார்டுக்கு வருவோம். ஒரு மருத்துவமனையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்; பெயர் வேண்டாம். புது மென்பொருள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் காய்ச்சல் அளவை நிரப்பினால்தான் அந்தப் பக்கம் மூடும். திரையில் பார்த்தால் வார்டில் இருந்த எல்லோருக்கும் 98.6. நிர்வாகம் செவிலியர்கள் மீது கோபப்பட்டது. ஒரு காலை ஷிஃப்ட் முழுக்க அங்கே நின்று பார்த்தபோது காரணம் புரிந்தது. முப்பது கட்டில்களுக்கு இருவர். தெர்மாமீட்டர் கட்டிலருகே, கணினி அறைக்கோடியில். ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்து, துண்டுச் சீட்டில் குறித்து, காய்ச்சல் இருப்பவரை மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லி, அவருக்கு மருந்து கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த ஷிஃப்ட் வந்துவிடும். மீதிப் பேருக்குக் கணினியின் வாயை அடைக்க ஓர் எண் வேண்டும். அந்தப் பெண்கள் நோயாளியைக் கவனித்தார்கள். மென்பொருளைக் கவனிக்க நேரமில்லை. கட்டிலருகே கொண்டுபோகும் ஒரு டேப்லெட்டும், முந்தைய அளவைக் காட்டி மாறியதை மட்டும் கேட்கும் ஒரு திரையும் வந்தபிறகு நிலைமை மாறியது. அந்தத் திரையை வடிவமைத்தவர் முன்பு வங்கி மென்பொருளில் இருந்தவர். வார்டில் நின்றதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே மருத்துவப் பயிற்சி. கிளினிக்கல் அனலிஸ்ட், இம்ப்ளிமென்டேஷன் ஸ்பெஷலிஸ்ட், யூ.எக்ஸ். டிசைனர் என்ற பதவிகள் எல்லாம் இந்த வேலையைச் சேர்ந்தவை. நிரல் எழுதப் பிடிக்காத, ஆனால் மனிதர்களோடு பொறுமையாகப் பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது நல்ல இடம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு 'மெடிக்கல் கோடிங்' என்றால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைக் கொடுத்து, காப்பீட்டுப் பணம் வர வழி செய்யும் வேலை. 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐ.சி.டி. ஒன்பதிலிருந்து பத்துக்கு மாறியபோது நோய்க் குறியீடுகள் சுமார் 14,000-லிருந்து சுமார் 68,000 ஆகப் பெருகின. அந்தப் பெருக்கம் இங்கே பயோடெக், நர்சிங், பிசியோதெரபி படித்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் அந்தச் சம்பளத்தில்தான் தங்கையின் படிப்பையும் வீட்டுக் கடனையும் பார்த்தார்கள். அந்த வேலையை மதிக்கிறேன். ஆனால் எளிய குறிப்புகளுக்குக் குறியீடு போடுவதை இயந்திரம் வேகமாகக் கற்றுக்கொண்டு வருகிறது. இன்று அதில் இருப்பவர்கள், இயந்திரம் போட்ட குறியீட்டைத் தணிக்கை செய்வது, மறுக்கப்பட்ட காப்பீட்டுக் கோரிக்கைகளின் காரணத்தை ஆராய்வது, தானியங்கி மென்பொருளுக்கு விதிகள் எழுதுவது என்று ஒரு படி மேலே நகர வேண்டும். பொறியியல் படித்தவரும் ஒரு கோடரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை அது. கோடரின் அறிவை நிரலாளர் குறைத்து எடைபோட்டால் அந்த மென்பொருள் உருப்படாது.

பொதுச் சுகாதாரத்தைப் பற்றி வேலைவாய்ப்புக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில்தான் பற்று அதிகம். தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதாரச் செவிலியர் 'பிக்மி' தளத்தில் பதிவு செய்கிறார். அந்த எண் பின்னர் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் தேவைப்படுகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மருந்து போகிறது. யாருக்கு எப்போது என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு இல்லாமல் அது நடக்காது. 2022-ல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்னும் அழகான எடுத்துக்காட்டு. காசநோய் கண்டறியப்பட்டவருக்கு எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று சில எளிய விவரங்களைத்தான் பார்க்கிறார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவரை அந்த விவரங்களே காட்டிக்கொடுத்துவிடும். அவரை உடனே அட்மிட் செய்கிறார்கள். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதற்கு ஒரு சிறிய வலைச்செயலியை உருவாக்கியது. உங்களில் ஓர் இறுதியாண்டு மாணவரே எழுதக்கூடிய அளவு எளிமையானது. எந்த விவரங்களைக் கேட்பது என்று முடிவு செய்ததில்தான் அதன் பலமெல்லாம் இருக்கிறது. புள்ளியியலில் ஆர்வமுள்ள மாணவர்கள் தொற்றுநோயியல் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று படத்தைப் பார்த்து இயந்திரம் சொல்லும். பயிற்சிக்கு 1,28,175 படங்கள். அவற்றைத் தரம் பிரித்தவர்கள் 54 கண் மருத்துவர்கள். ஆய்வுக்குப் படங்கள் தந்தவர்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு. முடிவுகள் கண் மருத்துவர்களுக்கு நிகராக இருந்தன. பிறகு அதே கருவியைத் தாய்லாந்தின் சிகிச்சை மையங்களில் வைத்தார்கள். அந்த அனுபவம் 2020-ல் வெளியானது. செவிலியர்கள் எடுத்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை, தரம் போதவில்லை என்று இயந்திரம் திருப்பிவிட்டது. அறையில் சரியான இருட்டு இல்லை, இணையம் மெதுவாக இருந்தது, நோயாளிகள் வரிசையில் காத்திருந்தார்கள். படம் தேறாதவர்கள் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு இன்னொரு நாள் போக வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நாள் கூலி போகும்.

நண்பர்களே, மாடலைப் பயிற்றுவிக்கும் வேலைக்கு உலகமே போட்டி போடுகிறது. அந்த மாடல் ஒரு தாலுகா மருத்துவமனையின் அறையில், அங்கிருக்கும் கேமராவில், அங்கிருக்கும் வெளிச்சத்தில் வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொல்லும் ஆட்கள்தான் இல்லை. தரவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019-ல் சயின்ஸ் இதழில் சியாத் ஓபர்மேயர் குழுவினர் எழுதிய ஆய்வைப் படியுங்கள். அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணிக்கும் ஒரு மென்பொருள், நோயின் கடுமையை அளப்பதற்குப் பதில் சிகிச்சைக்கு ஆன செலவை அளந்தது. கறுப்பின நோயாளிகளுக்காகச் செலவிடப்பட்டது குறைவு. ஆகவே கடும் நோயில் இருந்தவர்களும் பட்டியலில் கீழே போனார்கள். நிரலில் ஒரு பிழையும் இல்லை. எதை அளப்பது என்ற தேர்வு தவறு. நம் ஊரில் செலவே செய்ய முடியாமல் வீட்டில் கிடப்பவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. இதைக் கேட்கத் தெரிந்த தரவு விஞ்ஞானி ஒரு மருத்துவக் குழுவில் இருந்தே ஆக வேண்டும்.

இந்தத் துறையில் பிழை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த இயந்திரம், கனடாவில் தயாரானது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. அவர்களில் சிலர் அதனாலேயே இறந்தார்கள். முந்தைய இயந்திரங்களில் தவறான அளவைத் தடுக்கும் வன்பொருள் பூட்டுகள் இருந்தன. இதில் அவற்றை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். டெக்சஸின் டைலர் நகரில் இரு விபத்துகள் நடந்த பிறகு, அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகர், இயந்திரத்தை இயக்கிய பெண்ணோடு உட்கார்ந்து அவர் தட்டச்சு செய்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சிகிச்சை வகையைத் தவறாக அடித்துவிட்டு, கர்சரை மேலே கொண்டுபோய் எட்டு விநாடிக்குள் திருத்தினால் திரையில் திருத்தம் தெரியும், இயந்திரத்துக்குள் பழைய நிலை தங்கிவிடும். மெதுவாகத் தட்டச்சு செய்து சோதித்தவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. பழகிப் பழகி விரல்கள் வேகம் பிடித்த பிறகுதான் பிழை வெளிப்பட்டது. நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993-ல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். டெஸ்டிங் வேலையை இரண்டாம் தரம் என்று நினைப்பவர்கள் அதை முழுக்கப் படிக்க வேண்டும்.

அந்த அனுபவங்களிலிருந்துதான் இன்றைய விதிகள் வந்தன. மருத்துவ மென்பொருளை எப்படி வடிவமைத்து, சோதித்து, ஆவணப்படுத்த வேண்டும் என்பதற்கு ஐ.இ.சி. 62304, அபாய மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 14971 என்ற தரங்கள் இருக்கின்றன. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நோயறியவோ சிகிச்சைக்கோ பயன்படும் மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற சட்ட வரையறைக்குள் வந்துவிட்டது. ஆகவே தரச் சோதனை, ஒழுங்குமுறை ஆவணங்கள் ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கு நல்ல தேவை இருக்கிறது. பின் வரிசையில் இருக்கும் பயோமெடிக்கல் மாணவர்களே, "எங்களுக்கு கோர் வேலை இல்லை" என்று சொல்லாதீர்கள். உங்கள் பாடத்துக்கு நேராகப் பொருந்தும் வேலை இது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு வாரம் ஓ.பி. பதிவும் பில்லும் லேப் முடிவும் கையால் எழுதப்பட்டன. அதற்கு முன் 2017 மே 12 அன்று, கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை நிலைகுலைந்தது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஏன் போடவில்லை என்று எளிதாகக் கேட்டுவிடலாம். எம்.ஆர்.ஐ. கருவியோடு சேர்ந்து வந்த கணினியை மருத்துவமனை தன் விருப்பத்துக்குப் புதுப்பிக்க முடியாது. கருவி நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். புதுப்பிக்கும் நேரத்தில் நோயாளிகள் காத்திருப்பார்கள். வங்கியில் பயின்ற பாதுகாப்பு நிபுணர் இந்தக் கட்டுப்பாடுகளை இங்கே வந்துதான் கற்க முடியும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. எச்.ஐ.வி. சோதனை முடிவோ மனநலச் சிகிச்சைக் குறிப்போ வெளியே போனால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை குலையும் என்பதால்தான் நான் ரகசியம் காப்பதைச் சட்டத்துக்கும் மேலான கடமையாகக் கருதுகிறேன்.

சம்பளம்? நேரில் கேட்கத் தயங்குகிறீர்கள், நானே சொல்கிறேன். மருத்துவமனையின் சொந்த ஐ.டி. பிரிவில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களைவிடக் குறைவு. அமெரிக்க வாடிக்கையாளர் வேலையில் சம்பளம் கூடும், இரவு விழிப்பும் கூடும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை மருத்துவமனைக்குள்ளேயோ, மருத்துவமனையோடு நேரடியாகப் பழகும் சிறு நிறுவனத்திலோ செலவழித்துவிட்டு, அதன்பின் பெரிய இடத்துக்குப் போகும்படிதான் என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் சேரும் அறிவை எந்தச் சான்றிதழ் வகுப்பும் தராது.

கற்றுக்கொள்ளச் செலவும் அதிகமில்லை. ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்ற திறந்தமூல மருத்துவப் பதிவு மென்பொருளை உங்கள் மடிக்கணினியிலேயே நிறுவலாம். சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்து மருத்துவமனைக்காக அதன்மேல் கட்டப்பட்ட 'பாம்னி' இன்று பல நாடுகளில் ஓடுகிறது. உண்மையான நோயாளியின் பதிவைத் தொடாமல் பழக, சின்தியா என்ற மென்பொருள் கற்பனை நோயாளிகளின் பதிவுகளை ஃபயர் வடிவிலேயே உருவாக்கிக் கொடுக்கும். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இன்னொரு ஷாப்பிங் தளம் செய்வதை விட்டுவிட்டு இவற்றில் ஒன்றை எடுங்கள்.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஓர் அரசு மருத்துவமனை இருக்கும். முறையாக அனுமதி பெற்று, மாணவர்களைச் சிறு குழுக்களாக ஓ.பி. கவுண்டருக்கும் லேபுக்கும் ரெக்கார்ட் அறைக்கும் அனுப்புங்கள். மாணவர்களே, அங்கே போனால் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். செவிலியருக்கு ஓய்வு இருக்கும் நேரம் பார்த்து, "சிஸ்டர், ஒரே விஷயத்தை எத்தனை இடத்தில் எழுதுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் காட்டும் ஒவ்வொரு ரிஜிஸ்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பட்டியலோடு நேர்காணலுக்குப் போங்கள். அதைப் பற்றி அரை மணி நேரம் பேச முடிந்தால் உங்களுக்கு இந்தத் துறையில் வேலை உண்டு.